நாவல் வரைவை முடித்தபின் செம்மையாக்குநரை நாடுதல்: திருகோணமலை எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆகிய ஊர்களிலும் நாவலொன்றை எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று கேட்டு வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுத்தில் தருகிறேன். கேட்பவர்களில் ஆசிரியர்களும் தாதியரும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஊருக்கு நாவல் புதிதல்ல. திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இலும், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இலும் வெளிவந்தன. எழுதும் வழக்கம் அவ்வளவு பழையதாக இருந்தும், எழுதியதை அச்சுக்கு முன் செம்மையாக்குநர் (எடிட்டர்) எனப்படும் தகுதியான ஒருவரிடம் கொடுத்து எழுத்துமூலம் கருத்துப் பெறும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

வரைவை நேற்றுத்தான் முடித்தேன். உடனே செம்மையாக்குநரிடம் கொடுக்கலாமா?

வேண்டாம். கடைசி வரியை எழுதிய மகிழ்ச்சி அடங்கும்வரை, குறைந்தது ஒரு மாதமாவது, அந்தக் கோப்பைத் திறக்காமல் வையுங்கள். பிறகு அதைத் தாளில் அச்சிட்டு, பேனாவுடன் அமர்ந்து, முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம்வரை ஒரு வாசகராகப் படியுங்கள். உரையாடல்களை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். நீங்களே காணக்கூடிய தவறுகளைக் காண்பதற்கு இன்னொருவருக்குப் பணம் கொடுப்பது வீண். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு: மேலோட்டமான குறைகள் நிறைந்த வரைவைப் படிப்பவரின் கவனம் அவற்றிலேயே செலவாகிவிடும், நாவலின் அடியில் இருக்கும் பெரிய கேள்விகளுக்கு அவர் வந்துசேரமாட்டார். ஏதோ ஒன்று சரியில்லை, ஆனால் அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் உணரும்போது கொடுங்கள்.

அணிந்துரைக்காகப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் படித்தால் போதாதா?

போதாது. அணிந்துரை என்பது முடிந்த நூலை வாசகருக்கு அறிமுகப்படுத்தும் உரை. அதை எழுதுபவர் நூலின் நிறைகளை எடுத்துச்சொல்லும் கடமையை ஏற்றுக்கொண்டவர். குறை கண்டாலும், அடுத்த படைப்பில் ஆசிரியர் இதைக் கவனிப்பார் என நம்புகிறேன் என்ற பாங்கில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்வார். அந்த ஓரிரு வரிகளை நான் எப்போதும் கூர்ந்து படிப்பேன். ஆறு மாதங்களுக்கு முன் அதையே அவர் விரித்துச் சொல்லியிருந்தால் அந்த நாவல் வேறொரு நாவலாகியிருக்கும் என்று பல தடவை எண்ணியதுண்டு. வெளியீட்டு விழாவின் நயவுரையும் ஆய்வுரையும் இதைப் போலவே காலங்கடந்து வருபவை.

நம் ஊரின் அளவும் இதில் ஒரு காரணம். அணிந்துரை எழுதுபவர் உங்கள் அண்ணனின் வகுப்புத்தோழராகவோ உங்கள் பாடசாலையின் பழைய மாணவராகவோ இருப்பார். நாளை ஒரு கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ உங்களைச் சந்திக்க வேண்டியவர். அவர் உங்கள் மனம் நோகாமல் எழுதுவது இயல்பு, அதில் தவறும் இல்லை. வரைவு நிலையில் உங்களுக்குத் தேவைப்படுபவர், உங்கள் முகத்தை அறியாமல் உங்கள் பக்கங்களை மட்டும் அறிந்த ஒருவர்.

ஏட்டுச்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழைய இலக்கியங்களைப் பதிப்பித்த ஆறுமுக நாவலரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் நாம் போற்றுகிறோம். ஒரு பிரதியின் ஒவ்வொரு சொல்லும் கவனத்துக்குரியது என்பதை அவர்களிடம் கற்ற சமூகம், தன் காலத்து நாவலுக்கு அந்தக் கவனத்தைக் கொடுக்கத் தயங்குவது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

செம்மையாக்கம் என்பது எழுத்துப்பிழை திருத்துவதுதானே?

அது கடைசிப் படி மட்டுமே. முதலாவது, வரைவு மதிப்பீடு. செம்மையாக்குநர் நாவலை முழுவதும் படித்து, உங்கள் பிரதியில் கைவைக்காமல், சில பக்கங்கள் கொண்ட அறிக்கையொன்றை எழுதித் தருவார். இரண்டாவது, கட்டமைப்புச் செம்மை. எந்த அத்தியாயம் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பாத்திரம் தேவையில்லை, கதையை யார் சொல்ல வேண்டும் என்ற அளவில் அவர் உங்களுடன் சேர்ந்து வேலை செய்வார். மூன்றாவது, வரிச் செம்மை. வாக்கியங்களின் ஓட்டம், தேவையற்ற அடைமொழி, திரும்பத் திரும்ப வரும் சொல் ஆகியவற்றை அது கவனிக்கும். நான்காவது, பிரதிச் செம்மை. சந்தி, ஒற்று, எழுத்துக்கூட்டல், பெயர்களின் ஒருமை, காலக்கணக்கு ஆகியவை இதில் அடங்கும். பக்க வடிவமைப்புக்குப் பின் வருவது ஒப்புநோக்கல். தமிழ்நாட்டில் இதை மெய்ப்புப் பார்த்தல் என்பார்கள்.

இந்த வரிசை மாறினால் உழைப்பும் பணமும் வீணாகும். பிரதிச் செம்மை முடித்து ஒற்றெல்லாம் சரியாக்கிய பின்னர், எட்டாவது அத்தியாயமே வேண்டாம் என்று தெரியவந்தால், அந்த அத்தியாயத்துக்குச் செய்த திருத்தம் முழுவதும் குப்பைக்குப் போகும். முதல் நாவல் எழுதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்கு மட்டும் போதுமானால் அதை வரைவு மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். எழுத்துப்பிழையை ஒரு நல்ல தமிழாசிரியர் திருத்திவிடுவார். நாவலின் நடுப்பகுதி ஏன் தொய்கிறது என்பதைக் கண்டு சொல்ல எல்லோராலும் இயலாது.

மதிப்பீட்டு அறிக்கையில் என்னென்ன இருக்கும்?

நல்ல அறிக்கை, உங்கள் நாவல் எதைப் பற்றியது என்பதைச் செம்மையாக்குநர் தம் சொற்களில் சொல்வதில் தொடங்கும். அந்தப் பத்தியை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். தாயை இழந்த மகளின் கதை என்று நினைத்து நீங்கள் எழுதியதை அவர் காணிப் பிணக்கின் கதை என்று புரிந்துகொண்டிருந்தால், அடுத்து வரும் எல்லாக் குறிப்புகளையும்விட அந்த வேறுபாடு உங்களுக்கு அதிகம் கற்பிக்கும். அதன்பின் கதை எங்கே உண்மையில் தொடங்குகிறது, யாருடைய பார்வையில் நகர்கிறது, எங்கே வேகம் குறைகிறது, எந்தப் பாத்திரம் உயிரோடு நடமாடுகிறது, எது ஆசிரியரின் கருத்தைச் சொல்வதற்காக மட்டும் வருகிறது என்பன பக்க எண்களோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘நடை சிறப்பு, இன்னும் மெருகூட்டலாம்’ என்ற வகையில் பக்க எண் இல்லாமல் வரும் கருத்தினால் பயனில்லை.

நம் பகுதியின் நாவல்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் கட்டமைப்புக் குறை ஒன்று உண்டு. முதல் ஐம்பது பக்கங்கள் ஊரின் வரலாறாக, கோணேசர் கோயிலும் கோட்டையும் துறைமுகமும் பற்றிய விளக்கமாகப் போய்விடுகின்றன. கதைக்குரிய மனிதர் அதன்பின்னரே வாசலுக்கு வருகிறார். ஊரின் மீதுள்ள அன்பினால் நேரும் குறை அது. எழுதியவர் தாமாகவே அதைக் காண்பது கடினம்.

அறிக்கையோடு தகவல் ஐயங்களின் பட்டியலும் வரலாம். கற்பனை என்பதால் தகவல் பிழை பரவாயில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள், நான் உடன்படுவதில்லை. இந்தக் கரையில் வளர்ந்த வாசகர் ஒரு பிழையைக் கண்டதும், நாவலின் மற்றப் பகுதிகளையும் ஐயத்தோடு படிக்கத் தொடங்கிவிடுவார். டச்சுக்குடாவில் நின்றுகொண்டு கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கும் காதலர்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வரைவுகளில் சந்தித்திருக்கிறேன். அங்கே கடல் கிழக்கில் இருக்கிறது. நீருக்கு மேல் சூரியன் மறைய வேண்டுமானால் அவர்கள் உட்துறைமுகப் பக்கம் போக வேண்டும். மார்கழி மாதத்து வாடைக்காற்றில், கடல் கொந்தளிக்கும் நாளில், நிலாவெளியில் அமைதியாகக் கரைவலை இழுக்கிறார்கள். நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி அமைக்கும் தொழிலாளர்கள், ஊர் திரும்பியிருக்க வேண்டிய மழைக்காலத்திலும் இங்கேயே இருக்கிறார்கள். ஆழிப்பேரலை வந்த 2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையும்கூட. ஒரு வரைவில் அன்று பிள்ளைகள் சீருடையுடன் பாடசாலையில் இருந்தார்கள். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. கொழும்பைத் தாக்கியது அதற்கு நான்கு நாட்கள் முன்னர். பாட்டியின் நினைவாக எழுதப்படும் அத்தியாயங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒரே நாளாகிவிடுகின்றன. பாட்டி அப்படி நினைவுகூர்ந்தால் அது பாத்திரத்தின் மயக்கம், அதை வைத்துக்கொள்ளலாம்; கதைசொல்லி அப்படிச் சொன்னால் அது பிழை. இந்த வேறுபாட்டை உங்களிடம் கேட்டு உறுதிசெய்வதும் செம்மையாக்குநரின் வேலை.

தமிழ்நாட்டிலிருக்கும் செம்மையாக்குநர் நம் பேச்சை மாற்றிவிடுவாரா?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் முதல் நாவலில் 1990களின் நடுப்பகுதியில் ஒரு பெண் கிண்ணியாவிலிருந்து நகருக்கு வரும் அத்தியாயம் இருந்தது. அவள் பாதைக்காகக் காத்துநின்றாள் என்றும், பாதையில் ஏறினாள் என்றும் எழுதியிருந்தேன். கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. வேறு நிலத்தில் வளர்ந்த, நல்ல தமிழறிவுள்ள செம்மையாக்குநர் ஒருவருக்கு அது தெரியவில்லை. பாதைக்காக ஒருத்தி காத்துநிற்க முடியாதே என்று எண்ணி முதல் இடத்தில் ‘பேருந்துக்காக’ என்றும், அடுத்த இடத்தில் ‘பாலத்தில் ஏறினாள்’ என்றும் மாற்றியிருந்தார். திருத்தங்கள் அனைத்தும் தனி நிறத்தில் எனக்குக் காட்டப்பட்டிருந்தன. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால், ஒரே இரவில், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், ஒட்டுமொத்தமாக ஏற்றுக்கொண்டேன். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல். வெளியீட்டு விழா முடிந்தபின் கிண்ணியாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த நாளையில பாலம் எங்க மகன் இருந்திச்சி? பாதையிலதானே வந்த நாங்க” என்று மெல்லச் சொன்னார். அச்சான 300 பிரதிகளிலும் அந்தப் பாலம் இருக்கிறது.

அந்தச் செம்மையாக்குநரை நான் குறைசொல்லவில்லை. ஐயம் ஏற்பட்ட இடத்தில் அவர் மாற்றாமல் கேட்டிருக்க வேண்டும். அவர் மாற்றியதை நான் படித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், அவருக்கு ஒரு சொற்பட்டியலை நான் கொடுத்திருக்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். வரைவுடன் இரண்டு மூன்று பக்கங்களில் உங்கள் ஊர்ச் சொற்களையும் அவற்றின் பொருளையும் எழுதி இணையுங்கள். படலை, வளவு, பகிடி, கெதி, மினக்கெடுதல் போன்றவை பலருக்குத் தெரிந்திருக்கலாம், எனினும் எழுதுங்கள். ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். கச்சான் என்பது கோயில் வாசலில் வாங்கிக் கொறிக்கும் நிலக்கடலையாகவும் இருக்கும், வெக்கையோடு வீசும் காற்றாகவும் இருக்கும். கதைத்தான் என்பது பேசினான் என்பதற்கு நமது சொல் என்றும், அதை மாற்றக் கூடாது என்றும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு முடிவை எடுத்து எழுதி அனுப்புங்கள். ரீச்சர் என்று எழுதுவீர்களா, டீச்சர் என்று எழுதுவீர்களா? வாறன் என்பதா, வாறேன் என்பதா? பாத்திரத்துக்குப் பாத்திரம் இது மாறலாம், ஆனால் ஒரே பாத்திரத்தின் வாயில் பக்கத்துக்குப் பக்கம் மாறக் கூடாது. கதைசொல்லியின் மொழி எழுத்துத்தமிழா, பேச்சுக்கு நெருங்கியதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால், தமிழ்நாட்டுச் செம்மையாக்குநர் உங்களுக்கு ஒரு நன்மையும் தரக்கூடும். உங்கள் ஊரை அறியாத வாசகர் எந்தப் பக்கத்தில் வழிதவறுகிறார் என்பதை உள்ளூரவரால் சொல்ல முடியாது. அவர் தடுமாறிய இடத்தில் சொல்லை மாற்றத் தேவையில்லை. சூழலிலிருந்தே பொருள் விளங்கும்படி ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பாதை கரையைத் தொட்டதும் கயிற்றை வீசியவனைப் பற்றி ஒரு வாக்கியம் என் அத்தியாயத்தில் இருந்திருந்தால், அவர் அதைப் பேருந்தாக்கியிருக்கமாட்டார்.

நான் தமிழர். என் நாவலில் முஸ்லிம், சிங்களப் பாத்திரங்களும் வருகிறார்கள். செம்மையாக்குநர் அதைப் பார்த்துக்கொள்வாரா?

ஓரளவுக்கு மட்டும். மூன்று சமூகங்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் நாவல் எழுதும் எவருக்கும் இந்தக் கேள்வி வரவேண்டும். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா என்று அழைப்பது பலருக்குத் தெரியும். மூத்த சகோதரனை நானா என்பார்களா, காக்கா என்பார்களா என்பது ஊருக்கு ஊர், சில வேளை குடும்பத்துக்குக் குடும்பம், மாறும். ஆகையால் தொழில்முறைச் செம்மையாக்குநருக்குக் கொடுப்பதற்கு முன்னரோ பின்னரோ, அந்த ஊரில், முடிந்தால் அந்த வயதில் உள்ள இருவரிடம் அந்தப் பகுதிகளை வாசித்துக்காட்டுங்கள். ஒருவர் போதாது. அவர்களின் நேரத்துக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். நூலில் நன்றி சொல்வதற்கு முன் அவர்களின் அனுமதியையும் கேளுங்கள்.

சிங்களப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, நம் வரைவுகளில் அவர்கள் எல்லோரும் உடைந்த தமிழில் பேசுவது எனக்கு உறுத்துகிறது. ஒரு மனிதர் தம் தாய்மொழியில் தம் மனைவியோடு பேசும்போது தடுமாறுவதில்லை. அந்த உரையாடல் சிங்களத்தில் நடக்கிறது என்று ஒரு தடவை உணர்த்திவிட்டு அதை நல்ல தமிழில் எழுதலாம். தமிழரோடு தமிழில் பேச முயலும் இடத்தில் மட்டும் தடுமாற்றத்தைக் காட்டலாம். இதைச் சுட்டிக்காட்டும் செம்மையாக்குநர் உங்களுக்கு நன்மை செய்கிறார்.

நல்ல செம்மையாக்குநரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் விரும்பிப் படித்த அண்மைக்கால நாவல்களின் முதற்பக்கங்களையும் நன்றியுரைகளையும் பாருங்கள். செம்மையாக்கியவரின் பெயரை இப்போது பலர் குறிப்பிடுகிறார்கள். சிற்றிதழ் ஆசிரியர்கள், பதிப்பகங்களில் பணியாற்றியவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோரிடம் விசாரியுங்கள். பெயர் கிடைத்ததும், உங்கள் நாவலின் நடுவிலிருந்து ஐந்தாறு பக்கங்களை அனுப்பி மாதிரிச் செம்மை கேளுங்கள். முதல் அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். அதை நீங்கள் ஏற்கெனவே இருபது தடவை திருத்தியிருப்பீர்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ஐயம் வந்த இடத்தில் கேட்கிறாரா, கேட்காமல் மாற்றுகிறாரா என்பதை வைத்தே நான் முடிவெடுப்பேன். கவிதையிலும் கட்டுரையிலும் புகழ்பெற்றவர் நாவல் வரைவைப் படிப்பதில் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும்?

சொல்லுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, அல்லது முழு வேலைக்கு இவ்வளவு என்று மூன்று வழிகள் உள்ளன. தமிழில் சொற்கணக்கை வைத்துப் பேசும்போது கவனம் தேவை. ‘வரமுடியாதவர்களுக்காகவும்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும். ஆகையால் ஆங்கில நூல்களுக்குரிய சொல் விலையைப் பார்த்து, நம் செம்மையாக்குநர் அதிகம் கேட்கிறார் என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதாலேயே சொற்கணக்கு மாறிவிடும். எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் முன்கூட்டியே முடிவுசெய்து பக்கக்கணக்கில் பேசுவது இருவருக்கும் தெளிவு.

தொகை, செலுத்தும் தவணைகள், எந்த நாணயம், வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கிக் கட்டணம் யாருடையது, அறிக்கை எப்போது கிடைக்கும், அறிக்கைக்குப் பின் உங்கள் கேள்விகளுக்கு அவர் பதில் தருவாரா, திருத்திய வரைவை மறுபடி பார்ப்பாரா என்பவற்றை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி இருவரும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். எழுதிவைக்காத உடன்பாட்டினால் பின்னர் வரும் மனத்தாங்கல்தான் மரியாதையைக் கெடுக்கும்.

அவ்வளவு பணம் என்னிடம் இல்லை.

முதல் ஐம்பது பக்கங்களுக்கும் கதைச்சுருக்கத்துக்கும் மட்டும் மதிப்பீடு கேளுங்கள். தொடக்கத்தில் இருக்கும் பழக்கக் குறைகள் பெரும்பாலும் முழு நாவலிலும் இருக்கும், எஞ்சியவற்றை நீங்களே பின்பற்றித் திருத்தலாம். இன்னொரு ஊரில், வவுனியாவிலோ அக்கரைப்பற்றிலோ, உங்களைப் போலவே வரைவை முடித்திருக்கும் ஒருவரோடு பிரதிகளை மாற்றிப் படிக்கலாம். அப்படிச் செய்யும்போது இருவரும் எழுத்தில், பக்க எண்களோடு, கருத்துத் தர வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். தொலைபேசியில் சொல்லும் கருத்து பாராட்டாகவே முடிந்துவிடுகிறது.

கோப்பை எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும்?

யூனிகோடில், வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். நம் நாட்டில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழானாலும் கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் நாவல் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும், ஒரு பெயரைத் தேடவும் இயலாது. மாற்றிச் செயலிகள் உள்ளன. ஆனால் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள்குறிகளும் மாற்றத்தின்போது சிதையக்கூடும் என்பதால், மாற்றியபின் முழுவதையும் ஒருதடவை பாருங்கள். திருத்தங்களை, மாற்றிய இடங்களைத் தனி நிறத்தில் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியில் செய்து தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு பிரதியின் கோப்புப் பெயரிலும் திகதி இருக்கட்டும்.

என் கதையை அவர் எடுத்துக்கொண்டால்?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையதாகிறது. பதிவு தேவையில்லை, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வெறும் கருத்துக்குப் பாதுகாப்பில்லை, எழுதப்பட்ட வெளிப்பாட்டுக்கே பாதுகாப்பு. அனுப்பிய மின்னஞ்சலையும் முந்தைய வரைவுகளையும் வைத்திருங்கள். வரைவை வேறெவரிடமும் காட்டக் கூடாது என்பதை உடன்பாட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். முழுநேரமாக இத்தொழிலைச் செய்பவருக்கு அவரது நற்பெயரே மூலதனம் என்பதால், இந்த அச்சத்தினால் எவரிடமும் கொடுக்காமல் இருப்பதே உங்களுக்குப் பெரிய இழப்பு.

உண்மையில் வாழ்ந்தவர்களை வைத்து எழுதியிருக்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். போதுமா?

பல வேளைகளில் போதாது. ஒரு கிராமத்தின் ஒரே தபாலதிபர், ஒரே பாடசாலை அதிபர், கணவன் காணாமற்போன இன்ன தெருவின் பெண் என்று எழுதினால், பெயர் எதுவானாலும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். எந்தப் பக்கங்களில் உண்மையான மனிதர் இருக்கிறார் என்பதைச் செம்மையாக்குநரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அடையாளம் எங்கே வெளிப்படுகிறதென்று அவர் பார்ப்பார். அவதூறு என்ற சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். இன்னும் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர், அவனுடைய முடிவை உங்கள் நாவலில் படிக்க நேர்ந்தால் என்னவாகும் என்று எழுதியவர் சிந்தித்தே ஆக வேண்டும். முடியுமானால் அந்தக் குடும்பத்திடம் போய்ப் பேசுங்கள். இதை நான் எந்த அழகியல் வாதத்துக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அறிக்கை வந்தது. படித்து மனமுடைந்துவிட்டேன்.

ஒரு கிழமை எதுவும் செய்யாதீர்கள். பதில் எழுத வேண்டாம், கோப்பையும் திறக்க வேண்டாம். பிறகு அறிக்கையை மறுபடி படித்து, அவர் கண்ட குறையையும் அவர் சொல்லும் தீர்வையும் வேறுபிரியுங்கள். வாசகராக அவர் ஒரு பக்கத்தில் சோர்ந்தார் என்றால் அந்தச் சோர்வு உண்மை. அதை மறுக்க உங்களால் முடியாது. ஆனால் அந்த அத்தியாயத்தை நீக்கிவிடுங்கள் என்ற அவரது தீர்வு சரியாக இருக்க வேண்டியதில்லை. பல தடவை, குறை இருபதாம் பக்கத்தில் இருக்கும். அதன் விளைவு அறுபதாம் பக்கத்தில்தான் தெரியும். எங்கே திருத்துவது என்பதை, நாவலை முழுவதுமாக மனத்தில் சுமந்திருக்கும் நீங்கள்தான் அறிய முடியும்.

உடன்படாத குறிப்புகளை ஓரமாக எழுதி வையுங்கள். முதல் வாசகர் ஒருவரும் அதே இடத்தைச் சுட்டினால் உங்கள் எதிர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள். இருவர் ஒரே பக்கத்தைப் பற்றி நேர்மாறாகச் சொன்னால், அந்தப் பக்கத்தில் ஏதோ தெளிவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

கணினிச் செயலியிடம் கேட்டால் போதாதா?

எழுத்துப்பிழை, ஒரே பெயரின் இருவேறு வடிவங்கள், மிகையாக வரும் சொற்கள் ஆகியவற்றைக் கண்டறிய அவை உதவும். நம் வட்டார வழக்கைப் பிழையென்று குறித்துப் பொதுத்தமிழாக்கப் பார்க்கும் போக்கு அவற்றில் உண்டு என்பதால், பாதையைப் பாலமாக்கிய என் அனுபவத்தை நினைவில் வைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே பாருங்கள்.

தைப்பொங்கலுக்கு வெளியிட மண்டபம் பதிவுசெய்துவிட்டேன். எவ்வளவு காலம் வேண்டும்?

விழாத் திகதியை முதலில் வைத்துவிட்டு அதற்குள் செம்மையாக்கத்தை நுழைப்பதே நம் நூல்களின் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். படிப்பவருக்கு இரண்டு மாதம், அறிக்கையை ஏற்றுத் திருத்தி எழுத உங்களுக்கு ஆறு மாதம், பிரதிச் செம்மைக்கு இன்னும் ஒரு மாதம் என்று கணக்கிடுங்கள். மண்டபத்தை மாற்றிப் பதிவுசெய்யலாம். அச்சான பக்கத்தை மாற்ற முடியாது. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். எனப்படும் சர்வதேச நூல் எண்ணைப் பெறுவதை, தலைப்பு உறுதியானபின், பக்க வடிவமைப்பு நடக்கும் காலத்தில் செய்துகொள்ளலாம்.

வடிவமைப்பு முடிந்ததும் ஒப்புநோக்கலை, இதுவரை நாவலைப் படிக்காத மூன்றாமவரிடம் கொடுங்கள். நீங்களும் செம்மையாக்குநரும் இனிமேல் பிழையைக் காணமாட்டீர்கள், பிரதி உங்கள் இருவருக்கும் மனப்பாடமாகியிருக்கும். அச்சகத்துக்கு ஒப்புதல் கையொப்பம் வைப்பதற்கு முன், செம்மையின்போது மாற்றிய ஐந்து இடங்களை எழுதிவைத்து, வடிவமைத்த பக்கங்களில் அவை உண்மையில் மாறியிருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். வடிவமைப்பாளரின் கைக்குப் பழைய கோப்பு போய்ச்சேர்வதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். இரண்டாவது தடவை, இந்த ஐந்து இடச் சோதனையால்தான் அது அச்சேறுவதற்கு முதல்நாள் தெரியவந்தது.